ஆட்டுக் கடன்

ஆடு நாலும் என்ர.
கடதாசியில மட்டும் தவமலரின்ர.

படிப்புக்கெண்டு கேட்டால் கடன் இல்லையாம்.
படிப்புப் பால் கறக்காது,
குட்டி போடாது,
கிழமைக்குக் கிழமை கட்டுறதுக்கு
அதில ஒண்டும் வராது எண்டு
குழுக் கூட்டத்தில விளங்கப்படுத்தினவை.
தவமலர் எழுதினாள்: ஆடு வளர்ப்பு.
எண்பதாயிரம்.
கீழ அஞ்சு பெண்டுகளின்ர கையெழுத்து,
நாலாவது என்ர.

மகள் லக்சாயினி எடுபட்டது
பெலிகுல்ஓயாவுக்கு, நிலம் அளக்கிற படிப்பு.
இலவசம்தான், ஆர் இல்லையெண்டது?
விரிவுரை இலவசம்.
ரெட்பானாச் சந்தியில பஸ் ஏறினதிலயிருந்து
விரிவுரை மண்டப வாசல் மட்டும்
இடையில கிடக்கிறதுக்குத்தான் காசு.
அறை வாடகை, அதுக்கொரு முற்பணம்,
லப்டொப்,
மலை ஏறி அளக்கிறதுக்குச் சப்பாத்து.
அந்தக் குளிருக்குப் போட
விசுவமடுவில ஆரிட்டக் கிடக்குக் கம்பளிச் சட்டை?
மகாபொல வரும், வரும்.
வரேக்க வாடகை மூண்டு மாசம் பிந்தியிருக்கும்.
கனடாச் சித்தப்பா
போனில கதைக்கேக்க நல்ல மனுசன்.

ஒரு புதன்கிழமை ஆடு பாக்க வந்தான்
கடன் கந்தோர்ப் பெடியன் நிரோசன்.
விடிய முதலே நானும் என்ர மகனும்
நாலையும் சாய்ச்சுக்கொண்டு போய்
தவமலரின்ர வேலியில கட்டிப்போட்டம்.
காதறுந்தது மட்டும்
வழி முழுக்கக் கத்தி
ஊருக்கே சொல்லிக்கொண்டு வந்தது.

எண்ணினான். படம் எடுத்தான்.
காதறுந்ததுக்கு முன்னால கொஞ்சம் நிண்டான்.
"அக்கா, இதைப் போன மாசம்
தொட்டியடியில கண்ட மாதிரிக் கிடக்கு."
தவமலர் கிணத்தைப் பாத்தாள்.
நான் வானத்தைப் பாத்தன்.
தொட்டியடியில வேற பெட்டை, வேற கம்பஸ்.
ஆடு இதே ஆடு.

பேனை மூடியைக் கடிச்சுக்கொண்டு எழுதினான்:
நாலு. நல்ல சுகம்.
மோட்டச்சைக்கிளை உதைக்க முதல்
எங்களைப் பாக்காமச் சொன்னான்,
"எங்கட வீட்டில அது தையல் மெசின்."

இதால அவனை நல்லவன் எண்டு நினைக்க வேண்டாம்.
அடுத்த செவ்வாய் ஒம்பது மணிக்கே
கொப்பியோட வந்து குந்தினான்.
இருபது ரூபா குறைஞ்சதுக்கு
ஒருத்தரையும் எழும்ப விடேல்லை.

தை மாசம் தவமலருக்குக் காய்ச்சல்.
கச்சான் பிடுங்கப் போகேல்லை.
போகாட்டிக் கூலி இல்லை,
கூலி இல்லாட்டி அவளின்ர தவணை
எங்கட நாலு பேரின்ர தலையில.
எனக்குக் கம்பஸில பிள்ளை இல்லை.
ஓ.எல்லோட நிண்ட என்ர மகன்
ரிப்பருக்கு மண் ஏத்திறான்.
அவன்ர கூலியில கைவைச்சு
லக்சாயினியின்ர ஆட்டுக்குக் கட்டேக்க
வயிறு எரியேல்லை எண்டால் அது பொய்.
"நான் ஆற்ற படிப்புக்கு அம்மா மண் ஏத்திறன்?"
எண்டு கேட்டான்.
சோத்தைப் போட்டுக் குடுத்தன்.

அவள் படிச்சு முடிச்சால்
நாட்டுக்கு ஒரு நில அளவையாளர் எண்டு
பள்ளிக்கூடத்தில பொன்னாடை போத்தேக்க சொன்னவை.
நாட்டுக்கெண்டால் சரி.
அந்த நாடு ஒருநாளெண்டாலும்
விடியக்காலமை எங்களோட வந்து
ஒரு ஆட்டைப் பிடிச்சுக் கட்டினதோ?

சித்திரை லீவில வந்தவள்
வன இலாகா கல்லு நட்ட பிறகு
எது எல்லையெண்டு தெரியாமக் கிடந்த என்ர காணியை
ஒரு முழு விடியல் வெய்யிலுக்க நிண்டு அளந்தாள்.
மகன்தான் நாடா பிடிச்சவன்.
ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை.

"எவ்வளவு பிள்ளை?"
"ஒரு ஏக்கரும் பதினொரு பேர்ச்சும், மாமி."
"அதில்லை. அளந்த கூலி."
சிரிச்சாள்.

சிரிக்காமச் சொல்லு எண்டன்.