ரெட்டுக்கு ஃபாலோ

ஏற்காட்டுக்குப் போட்ட ரயில் டிக்கெட்
காத்திருப்போர் பட்டியலில்
நாற்பத்து மூன்றிலிருந்து பதினொன்றுக்கு வந்து
அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

வியாழன் இரவு
கிளாம்பாக்கம் நோக்கி ஊரே பெட்டியோடு நகர்ந்தது.
விடிந்தபோது வேளச்சேரி மெயின் ரோட்டின் நடுவில்
ஒரு நாய் நின்று நிதானமாகச் சோம்பல் முறித்தது.
ஹாரன் அடிக்க ஆளில்லை.

மூன்று நாள்.
என்ன செய்வதென்று தெரியாமல்
பரணிலிருந்து கேரம் போர்டை இறக்கினோம்.
வலைப்பைகளுக்குள்
நாலு வருடத் தூசி, இரண்டு ரூபாய்,
ஒரு பல்லி முட்டை.
போரிக் பவுடர் இல்லை;
மகிழினியின் குட்டிக்கூரா பாதி டப்பா காலி.
சத்தம் கேட்டு இறங்கி வந்தான் மேல்வீட்டு ஜாஃபர்.
'ஒரே ஒரு கேம்' என்றான்.
இரவு பதினொன்றரைக்கும் அதையே சொன்னான்.

சனிக்கிழமை அதிகாலை பள்ளிக்கரணை.
தவணையில் வாங்கிய பைனாகுலரோடு எட்வின்.
'அதோ பூநாரை!'
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.
மகிழினிதான் சொன்னாள்:
'அங்கிள், அது கேரி பேக்.'
காற்று வந்தது.
அது பறக்கவும் செய்தது.
எட்வின் விடவில்லை, நோட்டில் எழுதினான்:
பூநாரை, ஒன்று, சந்தேகம்.

திரும்பும் வழியில் டீக்கடையில்
எட்வின் மனைவி மெர்லின்
சித்ரலேகாவிடம் கேட்டாள்,
'உனக்கு என்ன ஹாபி?'
'தூக்கம்.'
எல்லோரும் சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.

அன்று மீன் குழம்பு நான் வைத்தேன்.
ஃபேனை ஐந்தில் வைத்து, கதவைச் சாத்தி,
மூன்று மணி நேரம் தூங்கினாள்.
கல்யாணமாகி பன்னிரண்டு வருடத்தில்
பட்டப்பகலில் அவள் குறட்டையை
முதன்முறையாகக் கேட்டேன்.
வஞ்சிரத்தில் உப்பு கூடுதல்.
யாரும் சொல்லவில்லை.
ஜாஃபர் மட்டும்
மூன்று சொம்பு தண்ணீர் குடித்தான்.

ஞாயிறு ராத்திரி, கடைசி ஆட்டம்.
ரெட் போட்டேன்.
ஃபாலோவுக்கு ஸ்ட்ரைக்கரை வைத்து
விரலை மடக்கும்போது
கரண்ட் போனது.

யாரும் எழுந்திருக்கவில்லை.
யாரும் செல்போன் வெளிச்சம் போடவில்லை.
மெர்லின் தன் அப்பாவின் ஆபரேஷன் பற்றி
அப்போதுதான் சொன்னாள்,
கொசு அடித்துக்கொண்டே,
யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கதைபோல.
சித்ரலேகாவின் வளையல் சத்தம்
மெர்லின் பக்கமாய் நகர்ந்தது.

வெளிச்சம் வந்தபோது
போர்டின் ஓரத்தில் தலை வைத்து
மகிழினி தூங்கிவிட்டிருந்தாள்,
கன்னத்தில் பவுடர்.
ஜாஃபருக்கு ஆறு மணி ஷிப்ட்.
காய்களை அள்ளி டப்பாவில் போட்டோம்.

திங்கள் காலை கிண்டி ஸ்டேஷனில்
பாஸைத் தேடிப் பையில் கைவிட்டால்
சிவப்புக் காய்.
நான் போட்டேனா, அவள் போட்டாளா?

பத்து மணி மீட்டிங்.
மேசைக்குக் கீழே
உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஃபாலோ இல்லாத ரெட்
போர்டின் நடுவுக்குத் திரும்ப வேண்டும்,
விதி அப்படி.

ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன் என்று
மேனேஜரிடம் இப்போதே சொல்லிவைத்தேன்.