ஒரு நூல்

கிளிப் இல்லாத பெடல் என்று பெயர்.
காலைக் கவ்விக்கொள்வதுதான் அதன் வேலை.
பெயர் வைத்தவர்
கோரிப்பாளையம் சிக்னலில் நின்றதில்லை.

நான் நின்றேன்.
நின்ற பிறகு விழுந்தேன்,
சைக்கிளோடு சேர்ந்து, மெதுவாக,
மூட்டை சாய்கிற மாதிரி.
ஓடும்போது விழுந்தால் ஓடி வருவார்கள்,
நின்று விழுந்தால் பார்ப்பார்கள்.
ஷேர் ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"ஏம்மா, யாரு காலைக் கட்டிப்போட்டது?"
நான்தான்.
ஆறாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து.

முழங்கால் வலி வேறு.
தல்லாகுளத்துக் கடையில் இர்ஃபான்
ஷூவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு
"ஈரக்காலோட நடங்கக்கா" என்றான்.
சிமெண்ட் தரையில் இடது தடம் நேராகப் போனது.
வலது, யாரோ கூப்பிட்டதுபோல்
ஆனைமலைப் பக்கம் ஒதுங்கியிருந்தது.
நாற்பத்தொரு வருடமாக இந்தக் காலில்தான் நடக்கிறேன்.
எந்தச் செருப்பும் சொல்லவில்லை.

அவன் ஆலன் சாவியால் திருகைத் தளர்த்தினான்.
கிளீட் ஒரு நூல் திரும்பியது.
அவ்வளவுதான்.
இருநூறு கேட்டான், நூற்றைம்பது கொடுத்தேன்.

மறுநாள் அழகர்கோவில் சாலை.
டக் என்று பூட்டிக்கொண்டது,
வலியை எங்கோ விட்டுவிட்டு.
அப்பன்திருப்பதி தாண்டி
வெள்ளாடுகள் குறுக்கே வந்தன;
நான் யோசிப்பதற்குள்
குதிகால் வெளியே திரும்பி
கால் தரையில் இருந்தது.
கடைசிக் குட்டி நின்று
ஷூவை மோந்துவிட்டுப் போனது.

இப்போது அலுவலகத்தில்
மேனேஜர் கூப்பிட்டால்
எழுந்திருக்கும் முன்
மேஜைக்கடியில்
குதிகால் ஒருமுறை வெளியே திரும்புகிறது.
நாற்காலியில் பெடல் இல்லை.
இருந்தாலும்.