அறுபத்து மூன்றாவது நிமிடம்

ஞாயிறு காலை ஐந்தரைக்கெல்லாம்
மஞ்சக்குப்பம் மைதான வாசலில் நின்றோம்.
ஆட்டக்காரர்கள் பதினான்கு பேர்,
ஆடத் தெரியாமல் கத்த மட்டும் தெரிந்த
நாங்கள் ஒன்பது பேர்.

விழுப்புரம் போக வேன் வரவில்லை.
ஏழுக்கும் வரவில்லை.
எட்டுக்கு ஓட்டுநர் போனை எடுத்தார்:
"போன மாச பாக்கியே இன்னும் வரலையேண்ணே."
ஓனர் எடுக்கவே இல்லை.
அவர் காலர் ட்யூனில்
மங்கள் சிட்டியில் மனை வாங்கச் சொல்லி
ஒரு பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கெடிலம் பாய்ஸ் என்று இருந்த பெயர்.
துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள்
ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு நடத்தியது.
பெருமையெல்லாம் ஒன்றுமில்லை,
அப்போதும் தோற்றோம்.
ஆனால் போய்த் தோற்றோம்.

மங்களேஸ்வரன் வாங்கிய பிறகு
நீலம் போய் ஆரஞ்சு வந்தது, மனை நோட்டீசின் நிறம்.
முதுகில் ஆட்டக்காரன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
சதுர அடி ஐந்நூற்றைம்பது என்று விலை.
மார்க்கராக நிற்பவன் முதுகைப் படித்துவிட்டு
"தண்ணி வசதி இருக்கா?" என்று கேட்பான்.

திங்கட்கிழமை பேப்பர்.
ஆறாம் பக்கம். அடகு நகை ஏல அறிவிப்புக்கு மேலே,
ஒரு கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே
ஐந்து வரி:

விழுப்புரத்தில் நேற்று நடந்த
விறுவிறுப்பான ஆட்டத்தில்
கடலூர் மங்கள் சிட்டி அணி போராடி
ஒன்றுக்கு ஒன்று என சமன் செய்தது.
அறுபத்து மூன்றாவது நிமிடத்தில்
இதயத்துல்லா அபாரமாகக் கோல் அடித்தார்.

எண்ணிப் பார்த்தேன், ஆறு வரி.
பக்கத்தில் இரண்டு பத்தி அகலத்துக்கு
சால்வையோடு ஓனர்.

இதயத்துல்லா அன்றைக்கு ஜிப்மரில் இருந்தான்.
முட்டி ஜவ்வு கிழிந்து
தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு.
பஸ் காசு முதல் எக்ஸ்ரே வரை
அவன் மச்சான் கணக்கு.
செய்தியைப் போனில் படித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"எந்தக் காலுன்னு போட்டிருக்கா?" என்றான்.

நேதாஜி சாலையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
நிருபர் திருநாவு
கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாளை அடித்துக்கொண்டிருந்தார்.
தலை நிமிராமலே சொன்னார்:
"அவர்தான் வாட்ஸப்புல அனுப்புனாரு.
தீபாவளிக்கு முழுப்பக்கம் தர்றவரு.
ஒரு செய்திக்கு எனக்கு என்ன தர்றாங்க தெரியுமா?"
தெரியாது என்றோம்.
அவரும் சொல்லவில்லை.
மேசைக்கடியில் அவர் செருப்பின் வாரை
சணல் போட்டுக் கட்டியிருந்தது.
சண்டை போட வந்த வாய்
அதைப் பார்த்துத் தொலைத்திருக்கக் கூடாது.

கிரிக்கெட்டுக்கு அரைப் பக்கம் என்றார் ஜெயசீலன்.
எங்கோ ஒருவனுக்கு விரல் சுளுக்கினால் படம் போடுறீங்க.
மைதானத்துப் பக்கம்
ஒரு நாள் வந்திருக்கீங்களா?

ஐஸ் பேக்டரி பக்கிரி
அதுவரை வாயே திறக்கவில்லை. படி இறங்கப்போனவன்
திரும்பி நின்று கேட்டான்:
"எழுதுறதே எழுதுறீங்க சார்.
இன்னொரு கோல் போட்டு
ஜெயிக்க வச்சிருக்கக் கூடாதா?"

திருநாவு சிரிக்கவில்லை.
கைகள் தட்டச்சில் அப்படியே நின்றன.

சங்கத்துப் பதிவேட்டில்
அது வாக்ஓவர்.
மூன்று புள்ளி விழுப்புரத்துக்கு.
பேப்பரைப் பார்த்து அவர்கள்
எங்களுக்குப் போன் பண்ணினார்கள்,
தங்கள் கோலை அடித்தது யார் என்று கேட்டு.

பதினோரு வருஷமாய் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்,
ஐஸ் பேக்டரி பில் புக்கின் பின்பக்கங்கள்.
யார் அடித்தது, எந்த நிமிடம், மழையா, ரெப்ரீ யார்.
அந்த ஞாயிறுக்கு இப்படி எழுதினேன்:
வேன் வரவில்லை. டீ இருபத்து மூன்று.
காசு கொடுத்தது ஜெயசீலன்.
கோல்கீப்பர் ஆல்பர்ட் ஒன்பதரை வரை
கையுறையைக் கழற்றவில்லை.

அடுத்த வாரம் ஜிப்மர் போனேன்.
கட்டிலோரத்தில் அந்த ஆறாம் பக்கம்
இறுக்கமாய்க் குழல்போல் சுருட்டி வைத்திருந்தது.
பத்திரமாக வைத்திருக்கிறான் போல என்று
நெஞ்சு அடைத்தது எனக்கு.
அவன் அதை எடுத்து
மாவுக்கட்டுக்குள் விட்டு
மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு
சொறிந்தான்.