ஒன்பதாம் படுக்கை

டிஸ்சார்ஜ் என்று காலை ஒன்பதரைக்கே சொல்லிவிட்டார்கள்.
இன்சூரன்ஸ்காரன் சென்னையிலிருந்து தலையாட்ட வேண்டுமாம்.
மணி மூன்று.
கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு
ஐந்து ரோட்டுப் பாலத்தில் போகும் பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தேழாவது பஸ்ஸில் வந்தாள் யுவஸ்ரீ,
கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்.
"ரெண்டே நிமிசம்ணா, பதினேழு கேள்விதான்.
இன்னைக்கு நாப்பது பேர் முடிக்கணும்,
நீங்க முப்பத்தொண்ணு."

திரையில் ஐந்து முகங்கள்.
பச்சை முகம் பல்லெல்லாம் காட்டுகிறது.
சிவப்பு முகம்
மிளகு மூட்டை நனைந்த அன்றைக்கு என் முதலாளி.
நடுவில் மஞ்சளாக ஒன்று,
வாய் வெறும் கோடு.
அடைமழையில் ஏற்காட்டில் எல்லோருக்கும் அந்த வாய்தான்.

வரவேற்பில் கனிவாகப் பேசினார்களா?
பதிமூன்றாம் கொண்டை ஊசியில் ஜீப் கவிழ்ந்து
நினைவில்லாமல் வந்து சேர்ந்தவன் நான்.
பேசியிருப்பார்கள்.
'தெரியாது' என்று ஒரு முகம் கிடையாதா பாப்பா?
கிடையாதாம்.
பச்சையை அழுத்தினேன், தெரியாத கனிவுக்கு.

உணவு சூடாக இருந்ததா?
இட்லி சூடு. சாம்பாருக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

கழிவறை சுத்தமா?
சுத்தம். தாழ்ப்பாள் மட்டும் இல்லை.
ஒரு கையில் வாக்கர், ஒரு கையில் கதவு,
மிச்சத்தை எந்தக் கையால் செய்வது?
சிரித்துவிட்டாள்.
"தாழ்ப்பாளுக்குக் கேள்வி இல்லைங்ணா."

வலி என்றதும் உடனே கவனித்தார்களா?
மூன்றாம் இரவு மணியை அழுத்தினேன்.
கதவுக்குமேல் விளக்கு எரிந்தது.
இருபது நிமிடம் அது மட்டும்தான் என்னைப் பார்த்துக்கொண்டது.
அப்புறம் ஓடிவந்தாள் அனிட்டா சிஸ்டர்,
கையுறையைப் பாதி மாட்டியபடி,
இருபத்திரண்டு படுக்கைக்கு ஒருத்தி.
என் விரல் மஞ்சளுக்குப் போனது.
"நாலுக்குக் கீழ விழுந்தா
சிஸ்டர் பேரைப் போட்டு மேல கூப்பிடுவாங்கண்ணா."
திரையைத் துடைப்பதுபோல் குனிந்து சொன்னாள்.

இன்னொரு ஆள் போடாதவனின் முகம்
ஐந்தில் எதிலும் இல்லை.
பச்சை.
அந்த இருபது நிமிடத்தை நானே விழுங்கினேன்,
தண்ணீரில்லாமல்.

பதினாறு முடிந்தது.

எதிரே ஒன்பதாம் படுக்கை.
புது விரிப்பு, மடிப்புக் கலையாமல்.
அர்த்தநாரி என்று பெயர், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை,
பெல்ட்டில் கை சிக்கிவிட்டது.
ராத்திரியெல்லாம் மரவள்ளி விலை பேசுவார்.
கையைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.
நேற்று கட்டின பணம் தீர்ந்தது.
'என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்' என்ற தாளில்
இடது கையால் கையெழுத்துப் போட்டார்,
ஒன்றாம் வகுப்புப் பையன்போல நாக்கைக் கடித்துக்கொண்டு.
மச்சான் ஆட்டோ கொண்டுவந்தான், பெரியாஸ்பத்திரிக்கு.

அவரிடம் இந்த டேப் வந்ததா?

"அப்படிப் போறவங்க லிஸ்ட்லயே வரமாட்டாங்கண்ணா."

லிப்ட் பக்கத்தில் பலகை மாட்டியிருக்கிறார்கள்:
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் திருப்தி.
மீதி நாலு பேரில் ஒருவர் என்று நினைத்திருந்தேன்.
அர்த்தநாரி அந்த நூறிலேயே இல்லை.

பதினேழு.
உற்றார் உறவினருக்கு எங்களைப் பரிந்துரைப்பீர்களா?
விரலை மடக்கிக்கொண்டேன்.
"ஒண்ணு விட்டாலும் சப்மிட் ஆகாதுண்ணா."
அவரைக் கேளு. என்னுடையதையும் அவரே சொல்லட்டும்.

யுவஸ்ரீ ஒன்பதாம் படுக்கையைப் பார்த்தாள்.
நாற்பது பேர் கணக்கு இருப்பவள்
பார்க்கக்கூடிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.
பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பி
ஒரே ஒரு தடவை தொட்டாள்.
டிங்.

எந்த முகம் என்று நான் கேட்கவில்லை.
அவள் பத்தாம் படுக்கைக்குப் போய்
"ரெண்டே நிமிசம்ணா" என்றாள்.

பாலத்தில் ஒரு பஸ் ஏறியது.
எத்தனையாவது என்று
விட்டுப்போயிருந்தது.