கடையாலுமூடு, நைட் ஷிப்ட்

மூன்று மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டுகிறேன்.
சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிடுகிறாள் அம்மா.
பக்கத்து வீட்டு றோசிலியிடம் அவள் சொல்லியிருப்பது:
'பிள்ளைக்கு நைட் ஷிப்ட்.
பெரிய கம்பெனி, கேட்டியா.'

பொய்யில்லை.
நாலாயிரம் மரம்.
கிளைகள் எத்தனை என்று யார் எண்ணினார்கள்?

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு இஞ்சினியர்,
சில வீடுகளில் இரண்டு.
மார்த்தாண்டம் போகும் காலைப் பஸ்ஸில்
நான்கு வருடம் நின்றே போய்ப் படித்தேன், எலக்ட்ரிக்கல்.
அடுத்த நான்கு வருடம்
'இப்ப என்ன செய்யுத?' என்ற கேள்விக்குப் பயந்து
கடைசிப் பாட்டுக்கு முன்பே
சர்ச் படியிறங்கினேன்.
ஷிஜு கோல்டு மெடல்;
கோழிக்கடையில் கணக்கெழுதினான்.
பிபினை மஸ்கட்டுக்கு அனுப்ப ஏஜெண்டு வாங்கிய பணம்
தனியாக விமானம் ஏறிப் போய்விட்டது.

சுற்றிலும் வெட்ட ஆளில்லாத ரப்பர்.
குவைத்திலிருக்கும் வில்சனின் விளை
கத்தி படாமல் காடு பிடித்துக் கிடந்தது.
ஆளில்லை என்றார்கள் அவர்கள்.
வேலையில்லை என்றோம் நாங்கள்.
ஒரே சாயாக்கடையில், ஒரே பெஞ்சில்
இரண்டு பேச்சும் பல வருடம் உட்கார்ந்திருந்தன,
ஒன்றையொன்று பார்க்காமல்.

போனில் வில்சன் சிரித்தார்.
'டிகிரிக்காரங்க கையில குடுத்தா
மரம் பட்டுப்போவும் மக்களே.'
அவர் பயம் நியாயம்.
பட்டைக்கும் தடிக்கும் நடுவே
நகக்கண் அளவுதான் இடம்,
அதற்குள் கத்தி திரும்ப வேண்டும்.
காற்றில் முறிந்து விழுந்த மரத்தில்
பதினொரு பேரும் ஒரு மாதம் வெட்டிப் பழகினோம்.
வில்சனின் விளையில்
முதல் வாரம் நான் காயப்படுத்தியவை பதினேழு.
நோட்டில் சிவப்பு மையில் இருக்கின்றன,
ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு.

நோட்டு என் பொறுப்பு.
யார் எத்தனை மரம், எத்தனை ஷீட்,
ஒட்டுப்பால் எத்தனை கிலோ,
யார் பிந்தி வந்தது, ஆசிட் யார் காலில் சிந்தியது.
பாதி விளைக்காரருக்கு, பாதி எங்களுக்கு.
அந்தப் பாதியில்
சுனிதாவுக்கும் எனக்கும் கொஞ்சம் குறைக்கலாம் என்று
இருட்டில் ஒரு குரல் எழுந்தது.
சுனிதா எதுவும் சொல்லவில்லை.
மறுநாள் அந்தக் குரலைவிட
நாற்பது மரம் கூடுதலாக வெட்டினாள்.
அதற்குப்பின் பேச்சில்லை.

ஒன்றுவிட்டு ஒருநாள்தான் ஒரு மரத்தைத் தொடலாம்.
இடைநாளில் அது ஓய்ந்திருக்கும்,
நாங்கள் வேறு விளையில் இருப்போம்.
மழை இறங்கினால் எல்லா நாளும் இடைநாள்.
மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியபோது
ஷிஜு வீட்டுக்குப் போய்
லேமினேட் செய்த சர்ட்டிபிகேட்டை எடுத்துவந்து
'இதையும் கட்டிரலாமா?' என்றான்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
பிறகு அவன் அதைச் சட்டையில் துடைத்தான்,
மூலைகள் மடங்காமல்.

ஒரு சனிக்கிழமை தலைக்கு இரண்டாயிரத்து அறுநூறு.
அடுத்த சனிக்கிழமை விலை விழுந்து
ஆயிரத்து நூறு.
அன்று ஒருவன் நோட்டைத் தூக்கி எறிந்தான்;
சாயா குடித்துவிட்டு அவனே தேடி எடுத்து வந்தான்,
அட்டை மட்டும் இல்லை.

பிபினுக்கு இந்த முறை உண்மையான விசா.
கத்தியை என் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான்.
ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டு
வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.
'என் வரிசையை யார் வெட்டுதா?'

நேற்று ஷீட்டுகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தேன்.
மதிலுக்கு மேல் றோசிலியின் தலை.
அம்மா பதறி முன்னால் வந்து நின்றாள்.
றோசிலி அம்மாவைப் பார்க்கவில்லை,
என் விரல்களில் காய்ந்திருந்த பாலைப் பார்த்தாள்.
'அந்த நைட் ஷிப்ட்டுல
எங்க ஜெர்வினுக்கும் ஒரு இடம் உண்டுமா?'

கத்தி இருக்கிறது.
விளக்கு ஒன்று வாங்க வேண்டும்.