பதினேழாம் நம்பர் வண்டி

இருபது நிமிடம் ஓடும், பிறகு நிற்கும்.
இருமல் இல்லை, திணறல் இல்லை.
பெட்ரோல் வராத வண்டி விக்கி விக்கித்தான் சாகும்;
இது விளக்கை அணைத்ததுபோல் நிற்கிறது.
கரண்ட் கோளாறு என்றேன்.
அதுவரை நான் சொன்னது சரி.

"மணலுக்கு இந்த வண்டியைப் பிடிக்கவில்லை, உஸ்தாத்"
என்றான் குல்சமான்,
சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டி முன்னால் போகிறவன்.
மூன்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று பேர்
காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.
முதலாளி அதை அவன் சம்பளத்தில் கழித்தார்:
வண்டியைச் சூடேற விட்டதற்கு
இருநூற்றுப் பத்து திர்ஹம்.

ஷெட்டில் நிறுத்தி முடுக்கினால்
ஒரு மணி நேரம் ஓடுகிறது பாவி வண்டி.
பேட்டரி பன்னிரண்டரை. சார்ஜ் பதினாலு.
பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றி
வயர் நுனியைக் கால் அங்குலம் வெட்டி மறுபடி திருகினேன்.
கனெக்டர் ஒவ்வொன்றையும் பிரித்து ஊதினேன்;
ஒவ்வொன்றிலும் பதாயர் மேடுகளின் செம்மணல்
ஒரு சிட்டிகை, மூக்குப்பொடி அளவு.

சூட்டில் அறுந்து குளிரில் சேரும் காயில்கள் உண்டு.
டிக்கெட் கவுண்டர் ரோவெனாவிடம்
முடி உலர்த்தும் மெஷினைக் கடன் கேட்டேன்.
என் வழுக்கையைப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் கொடுத்தாள்.
பிக்கப் காயிலைச் சுட்டேன். ஓம் கொஞ்சம் ஏறியது,
ஏற வேண்டிய அளவே.

கடைசியில் நானே ஏறிப் போனேன்,
கூட்டம் கலைந்த அந்தியில், ஹெல்மெட் இல்லாமல், வேகமாக.
மூன்றாம் மேடு தாண்டி
ஒட்டகக் கம்பிவேலி முடியும் காஃப் மரத்தடியில்
நின்றது.
கடிகாரம் பார்த்தேன்.
பதினோரு நிமிடம்தான்.

அப்படியென்றால் நேரம் இல்லை. இடம்.
எல்லாரும் இங்கேதான் முதல்முறை
இடப்பக்கம் முழுக்க ஒடிக்கிறார்கள்.
ஹேண்டிலை நேராக்கி பட்டனை அமுக்கினேன். உயிர்.
இடம். செத்தது.
வலம். உயிர்.
சின்னப் பையன் ஸ்விட்சைப் போட்டு அணைப்பதுபோல்
நாலைந்து தடவை செய்தேன், சந்தோஷமாக.

டாங்குக்கு முன்னே, சேஸிஸ் கழுத்தில், டார்ச் வெளிச்சத்தில்
கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு வயர்.
தோல் உரிந்து செம்பு தெரிந்தது.
நிறுத்தும் பட்டனுக்குப் போகிற வயர் அது.
இரும்பில் உரசினால் போதும்,
யாரோ நிறுத்தச் சொல்கிறார்கள் என்று எஞ்சின் நினைத்துக்கொள்ளும்.
வண்டிக்கு நோயில்லை.
சொன்னதைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வயரை அங்கே இறுக்கிப் பிடித்திருந்தது
ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கட்டு.
இந்த கேம்ப்பில் எல்லாரும் போடுவது கறுப்பு.
ரோலா கடையில் மலிவாகக் கிடைத்த வெள்ளை
என் பையில் மட்டும்தான்.
வாலை ஒட்ட வெட்டி, லைட்டரில் காட்டி
முனையை உருக்கி மழுக்குவதும் நான் மட்டும்தான்.
மழுங்கியிருந்தது.

பெருநாள் கூட்டத்துக்கு முந்தின ராத்திரி.
பதினாலு வண்டிக்கு முன்விளக்கு மாட்டினேன்.
இதன் ஹேண்டில் அப்போது நேராக இருந்திருக்கும்.

வயருக்கு உறை போட்டு
திரும்புவதற்கு இடம்விட்டு, தளர்வாகக் கட்டினேன்.
குல்சமான் சுலைமானி கொண்டுவந்து
கீழே வைத்துவிட்டு, "கிடைத்ததா?" என்றான்.
கையிலிருந்த மீட்டர் முனைகள் இரண்டும் தற்செயலாக உரசிப்
பீப் என்றன.
"இடப்பக்கம் திருப்பினால் நிற்கிறது" என்றேன்.
அது பொய்யில்லை.
அவன் தலையாட்டிவிட்டு
பெட்டியில் சர்க்கரை தேடினான்.

ரிப்பேர் புத்தகத்தில் காரணத்துக்கு மூன்று கட்டங்கள்:
ஓட்டியவர், உதிரிபாகம், மணல்.
டிக் போட்டால் போதும்.

பேனா எழுதவில்லை. உதறினேன், எழுதியது.
முதல் கட்டத்தில் தொடங்கினேன், அருமைநாயகம் என்று.
ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற பெயரா அது?
உதிரிபாகத்தைத் தாண்டி
மணலின்மேல் போய் நின்றது கடைசி எழுத்து.
பக்கத்தில் இருநூற்றுப் பத்து என்று எழுதி
புத்தகத்தைத் திறந்தே வைத்தேன்.
டீ ஆறியிருந்தது, சர்க்கரையும் இல்லை.