நூற்று நாற்பத்தொன்பது

மேடையில் என்னைப் பற்றி வாசிக்கிறார்கள்.
நாற்பத்து மூன்று கட்டுரைகள், ஆறு முனைவர்கள்,
புதுப்பிக்காமல் காலாவதியான ஒரு காப்புரிமை.
சேலத்து மே மாதத்தில் சால்வை உறுத்துகிறது.
மின்விசிறி முதல்வருக்கு மட்டும் சுழல்கிறது.

பதினேழாவது கட்டுரையையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.
அதைத் திரும்பப் பெற்று எழுதிய அரைப் பக்கம்
பட்டியலில் இல்லை.
நான் பிழையில்லாமல் எழுதியது அது ஒன்றுதான்.

நாகலூர் தாண்டி, காபித் தோட்டத்து வேலியோரம்
கரிராமன் அறுத்துத் தருவார், கிலோ அறுபது ரூபாய்.
ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையில் திணித்து
இருபது கொண்டை ஊசி வளைவும்
மடியில் வைத்தபடி இறங்குவேன்.
பேருந்தில் யாராவது வாந்தி எடுப்பார்கள்.
பைக்குள் இலை வேர்க்கும்.
இடித்த பொடியையும் அதே பைகளில் கட்டிவைத்தோம்,
காசு மிச்சம்.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடைச் சீட்டில்
அந்த இலைக்கு நேரே காமாலை என்றிருந்தது.
கரிராமனிடம் சொன்னேன்.
"அப்படிங்களா?
நாங்க ஆட்டுக்குக் குடுப்போம், வயிறு உப்புனா."
குறிப்பேட்டில் நான் ஆட்டை எழுதவில்லை.

ஆள் உயரக் கண்ணாடித் தூண், உள்ளே சிலிக்கா.
ஜன்னலுக்கு வெளியே மேக்னசைட் மேடும்
அதே வெள்ளையில் கண்ணைக் கூசும்.
மஞ்சள் முதலில் இறங்கும், பின்னாலேயே பச்சை.
இரண்டுக்கும் நடுவே நிறமே இல்லாத ஒன்று,
இருபத்தேழாம் குழாயில் தொடங்கும்.
குடுவையின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய்.
அதற்குப் பெயர் வைத்தேன்:
மலையின் பெயரில் பாதி, கடைசியில் வேதியியல் விகுதி.
சேர்வரின்.

செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது.
ஓமலூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
வீட்டுக்காரருக்குக் கல்லீரல்.
"எந்தக் கடையில கிடைக்கும்?"
இன்னும் ஐந்து வருஷம் ஆகும்மா என்றேன்.
அஞ்சா, என்று மட்டும் கேட்டாள்.

நிறை நிறமாலையில் எல்லாக் கோடுகளுக்கும் மேலே
ஒற்றைப் பனையாக நின்றது நூற்று நாற்பத்தொன்பது.
வகுப்பில் நானே பலகையில் எழுதி
இருமுறை அடிக்கோடிட்ட எண்.
என் தாளில் வந்தபோது
அது வேறு எண் போலிருந்தது.

நஸ்ரின் ஒரு சனிக்கிழமை இரவு
யாரையும் கேட்காமல்
இலை இல்லாத வெறும் பையைக் கத்தரித்து
ஹெக்சேனில் ஊறவைத்தாள்.
மூன்று வாரம் கழித்து என் மேசையில் இரண்டு தாள்கள்.
ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால்
ஒரே தாள்.
அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமும்
அதோடு போயிற்று.
"மேடம், சாப்பிட்டீங்களா?" என்றாள்.

பிளாஸ்டிக்கை வளையவைக்கும் எண்ணெய்
எல்லாப் பைகளிலும் இருப்பது.
எலிகளுக்கு ஏதோ ஆனது நிஜம்.
அதை மருந்து என்று வாசித்தது நான்.

'மேற்படி சேர்மம் தாவரத்தினுடையது அன்று' என்று
எழுதி அனுப்பிய அன்று மாலை
ஓமலூர் எண்ணுக்குக் கூப்பிட்டேன்.
வேறு யாரோ எடுத்தார்கள்.
அந்தக்கா வீடு மாறிப் போச்சுங்களே.

அப்புறம் ஒன்பது வருஷம் மஞ்சப்பை.
"ஏங்க, கடையில பை குடுக்கறதில்லீங்களா இப்பல்லாம்?"
கரிராமன் கேட்டார்.
அந்த இலையில் கசப்பாக ஏதோ இருக்கிறது, கொஞ்சம்.
குடல் தசையைத் தளர்த்துகிறது.
ஆடுகளுக்கு அது தெரிந்திருக்கலாம்.
நாற்பத்து மூன்றாவது கட்டுரையில், நன்றி நவிலலில்,
கரிராமன் பெயருக்குப் பக்கத்தில்
ஆட்டையும் எழுதியிருந்தேன். ஆசிரியர் குழு அடித்துவிட்டது.

கைதட்டல். நினைவுப் பரிசைத் தருகிறார்கள்,
குத்துவிளக்காக இருக்கும், கனக்கிறது.
பளபளக்கும் ஜவுளிக்கடைப் பை.
விரலில் பிசுக்கு ஒட்டுகிறதா, தெரியவில்லை,
சேலையில் துடைத்துக்கொள்கிறேன்.
முன்வரிசையில் நஸ்ரின்
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.